அடுக்குமாடி பால்கனியில் காய்கறியும் பூவும்: வெயிலை அளப்பதில் தொடங்கும் முழுமையான வழிகாட்டி

பால்கனியில் வைத்த செடி வீணாவதற்கு முதல் காரணம் பெரும்பாலும் தண்ணீரோ உரமோ இல்லை. வெயில் கேட்கும் செடியை வெயில் வராத இடத்தில் வைப்பதுதான். நர்சரியில் காயும் பூவுமாக நிற்கும் தக்காளியைப் பார்த்ததும் கை நீண்டுவிடுகிறது. வீட்டுக்கு வந்த ஒரே மாதத்தில் அது வெளிறி, ஒல்லியாக நீண்டு, பூவெல்லாம் உதிர்ந்து நிற்கும். மொட்டை மாடித் தோட்டத்துக்குச் சொல்லும் யோசனையை அப்படியே பால்கனிக்குக் கொண்டுவந்தால் இதுதான் நடக்கும். மாடிக்கு முழு வானமும் சொந்தம். பால்கனிக்கோ தலைக்கு மேல் இன்னொரு வீட்டின் தளம், இரு பக்கமும் சுவர், முன்னால் எதிர் பிளாக். அதனால் விதை வாங்கும் முன் வெயிலை அளக்க வேண்டும். இங்கே தரும் கணக்குகள் சென்னைக்கானவை. தமிழ்நாட்டின் மற்ற ஊர்களில் இருப்பவர்கள் ஓரிரு வாரம் முன்பின்னாக வைத்துக்கொள்ளலாம்.

வெயிலை அளப்பது எப்படி

வீட்டில் இருக்கும் ஒரு நாளில் காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை, மணிக்கு ஒருமுறை பால்கனியை ஒரே இடத்தில் நின்று செல்போனில் படமெடுங்கள். சாயங்காலம் வரிசையாகப் பார்த்தால் எந்த மூலையில் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்று தெரிந்துவிடும். தரையில் விழும் வெயிலை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. தொட்டியின் உயரத்தில், அதாவது தரையிலிருந்து ஒன்றரை அடியில் விழுவதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் வெள்ளைத் தாளை விரித்து, ஒரு அடி மேலே கையை நீட்டுங்கள். நிழலில் விரல்கள் தனித்தனியாகத் தெளிவாகத் தெரிந்தால் அது நேர் வெயில். மங்கலான நிழல் என்றால் வெறும் வெளிச்சம். நிழலே விழவில்லை என்றால் அங்கே காய்கறி வேண்டாம்.

சென்னை சுமார் 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரமும் ஆகஸ்ட் மூன்றாம் வாரமும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மே, ஜூன், ஜூலையில் அது நமக்கு வடக்கே போய்விடுகிறது. தெற்குப் பார்த்த பால்கனியில் இந்த மாதங்களில் மேல்தளம் வெயிலை முழுக்க மறைத்துவிடும். டிசம்பரில் அப்படியே தலைகீழ். சூரியன் தெற்கே சாய்ந்து, நண்பகலில்கூடக் கிட்டத்தட்ட 53 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். நாலு அடி அகல பால்கனியின் உள்சுவர் வரை வெயில் பாயும்.

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது வயலுக்குச் சொன்னது. தெற்கு பால்கனிக்காரர்கள் ஆடியில் விதைத்தால் நாற்று வெயில் இல்லாமல் தவிக்கும். அவர்கள் ஆவணிக் கடைசியில் நாற்று விட்டுப் புரட்டாசியில் நட்டால் கார்த்திகை முதல் மாசி வரை நல்ல வெயிலில் காய் பறிக்கலாம். கிழக்கு பால்கனியில் ஆண்டு முழுக்கக் காலை வெயில் இருக்கும், சூடும் குறைவு. எல்லாவற்றிலும் சிறந்தது இதுதான். மேற்கு பால்கனியில் ஏப்ரல், மே மாதங்களின் பிற்பகல் வெயில் இலையைப் பொசுக்கும். அங்கே அந்த இரண்டு மாதமும் 50 சதவீத நிழல்வலை கட்டியே ஆக வேண்டும். வடக்கு பால்கனியில் மே முதல் ஜூலை வரை மட்டும் காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயில் எட்டிப் பார்க்கும். மற்ற மாதங்களில் புதினா, கற்பூரவல்லி, அழகுச் செடிகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. பால்கனிக்கு கம்பிக்குப் பதில் கட்டைச்சுவர் இருந்தால், மூன்றடிச் சுவரின் நிழல் டிசம்பர் நண்பகலில்கூட இரண்டடிக்கு மேல் உள்ளே விழும். தரையில் வைத்த தொட்டிகள் அந்த நிழலுக்குள்தான் நிற்கும். இரண்டடி உயர இரும்பு ஸ்டாண்டில் தூக்கி வைத்தாலே அதே செடி காய்க்கத் தொடங்கும். உரத்துக்குச் செலவழிக்கும் முன் ஸ்டாண்டுக்குச் செலவழியுங்கள்.

எடை, பை, தொட்டி

குடியிருப்பு பால்கனிகளைச் சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ தாங்கும்படி வடிவமைக்க இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. அதில் மனிதர்கள், வாஷிங் மெஷின், துணிக்கொடி எல்லாம் அடக்கம். பழைய கட்டடத்தில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருவேறியிருந்தால் அந்தக் கணக்கே செல்லாது. அடியில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறதா என்று கீழ்வீட்டிலிருந்து ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். தெரிந்தால் முதலில் கட்டடத்தைச் சரி செய்யுங்கள், பிறகு தோட்டம்.

நனைந்த வெறும் செம்மண் லிட்டருக்கு 1.7 கிலோவுக்கு மேல் வரும். கீழே சொல்லும் கலவை நனைந்தாலும் ஏறக்குறைய ஒரு கிலோதான். 12 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் உள்ள குரோ பேக்கில் (செடி வளர்க்கும் பையில்) சுமார் 18 லிட்டர் கலவை பிடிக்கும். அது 20 கிலோவுக்குள் அடங்கும். வெறும் மண்ணைப் போட்டால் 30 கிலோவைத் தாண்டும். கனமான பைகளை வீட்டுச் சுவரை ஒட்டியும், கீரைத் தட்டுகளைக் கம்பிப் பக்கமும் வையுங்கள். பால்கனி சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும் பலகை மாதிரி. விளிம்பில் ஏற்றும் எடைதான் அதை அதிகம் இழுக்கும். கம்பிக்கு வெளியே தொங்கும் தொட்டி எந்த மாடியிலும் வேண்டாம். கீழே நடப்பவர் தலைக்கு அது ஆபத்து.

மிளகாய், கத்தரி, குட்டைத் தக்காளிக்கு 12 அங்குலப் பை போதும், பைக்கு ஒரு செடி. பாகல், மல்லிகைக்கு 15 அங்குலப் பை வேண்டும். கீரைக்கு இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஆறு அங்குல ஆழமுள்ள தட்டு சரியாக இருக்கும். வெயில் தாங்கும்படி செய்த எச்டிபிஇ (கெட்டியான பிளாஸ்டிக்) பை என்று கேட்டு வாங்குங்கள். மெல்லிய கறுப்பு பாலித்தீன் பை வெயிலில் ஒரு வருடத்தில் நொறுங்கிவிடும். அடியில் வடிகால் துளை இல்லாவிட்டால் பென்சில் கனத்தில் ஆறு துளை போட்டு, உள்ளே கொசுவலைத் துண்டை விரியுங்கள். அடியில் கல் பரப்பும் பழக்கத்தால் வடிகால் கூடாது. கல்லுக்கு மேல் உள்ள மண்ணில் தண்ணீர் அப்படியே தேங்கும், வேருக்கு இடம்தான் குறையும்.

மண் கலவை

செம்மண் ஒரு பங்கு, கழுவிய தேங்காய் நார்த்தூள் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. 12 அங்குலப் பைக்கு லிட்டர் மக்கால் அளந்தால் செம்மண் நாலரை, நார்த்தூள் ஒன்பது, மண்புழு உரம் நாலரை. இதோடு வேப்பம்புண்ணாக்கு 100 கிராம், ஜிப்சம் 20 கிராம், டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சணத்தை அடக்கும் நன்மைப் பூஞ்சணத் தூள்) 10 கிராம் சேர்த்துப் புரட்டுங்கள்.

நார்த்தூளைக் கழுவும் வேலையில் மட்டும் சோம்பல் கூடாது. தென்னை மட்டையில் இயல்பாகவே சோடியமும் பொட்டாசியமும் உப்பாக இருக்கும். மட்டையை உப்பங்கழியில் ஊற வைத்திருந்தால் இன்னும் கூடும். கழுவாமல் போட்டால் நாற்றின் இலை ஓரங்கள் கருகும். விதை முளைத்து இரண்டு இலையோடு நின்றுவிடும். ஐந்து கிலோக் கட்டி ஊறினால் 60 முதல் 75 லிட்டர் வரை விரியும், அதனால் மூன்று துண்டாக உடைத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டை வாளியில் போட்டு ஏழெட்டு லிட்டர் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். பொதபொதவென்று உதிர்ந்ததும் பழைய தலையணை உறையில் அள்ளிப் போட்டு, வாயை முறுக்கிப் பிடித்து, வேறொரு வாளித் தண்ணீரில் முக்கி முக்கிப் பிழியுங்கள். முதல் தண்ணீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் வரும், மூன்றாவது முறை வெளிர் மஞ்சளாகும். அதுவரை கழுவினால் போதும். உறை இல்லாமல் குளியலறையில் கழுவினால் தூள் வடிகால் குழாயை அடைக்கும். அடுக்குமாடியில் அது நம் வீட்டோடு நிற்கிற பிரச்சினை இல்லை.

கலந்த பிறகு ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். கொழுக்கட்டை மாதிரி நின்று, விரலால் தட்டியதும் உதிர்ந்தால் ஈரம் சரி. விரலிடுக்கில் தண்ணீர் சொட்டினால் ஒரு நாள் ஆற விடுங்கள். பையில் மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பி, ஈரம் காயாமல் பத்து நாள் வைத்த பிறகே நட வேண்டும். புண்ணாக்கு மக்கும்போது சூடும் பூஞ்சணமும் வரும். வெள்ளையாகப் படர்வதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், தானே அடங்கும்.

எந்த வெயிலுக்கு எந்தச் செடி

ஆறு மணி நேரத்துக்கு மேல் நேர் வெயில் இருந்தால் தக்காளி, கத்தரி, வெண்டை, பாகல், மல்லிகை, செண்டுமல்லி எல்லாம் வரும். நாலைந்து மணி நேரம் என்றால் மிளகாய், கொத்தவரை, செம்பருத்தி, நித்தியகல்யாணி. மூன்று மணி நேரம் மட்டும் வருகிறதா? சிறுகீரை, அரைக்கீரை, பசலை, மணத்தக்காளி, கனகாம்பரம். அதற்கும் குறைவென்றால் புதினாவும் கற்பூரவல்லியும் தாக்குப்பிடிக்கும்.

இதில் ஒரே ஒரு காய்ச்செடிதான் வைக்க முடியும் என்றால் மிளகாயை வையுங்கள். சின்ன இடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் நிற்கும், ஒரு செடியே இரண்டு பேர் சமையலுக்கு வாரக்கணக்கில் வரும். வெண்டை அப்படியில்லை. இரண்டு நாளுக்கு ஒரு காய் என்ற கணக்கில் தருவதால், ஒரு வேளைப் பொரியலுக்கே எட்டுச் செடியாவது வேண்டும். கேரட், முட்டைக்கோஸ், காலிஃபிளவரைச் சென்னை பால்கனியில் முயல வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. மார்கழிக் குளிரில் காலிஃபிளவர் வந்தாலும் ஒரு பை மூன்று மாதம் உழைத்து ஒரே ஒரு பூவைத் தரும். அதே இடத்தில் நாலு முறை கீரை அறுத்திருக்கலாம்.

விதைப்பும் நாற்றும்

தக்காளி, கத்தரி, மிளகாயைக் குழித்தட்டில் (சின்னச் சின்னக் குழிகள் உள்ள நாற்றுத் தட்டில்) நாற்று விட்டு நட வேண்டும். தட்டில் கழுவிய நார்த்தூளும் மண்புழு உரமும் சம அளவு நிரப்பி, குழிக்கு ஒரு விதை, அரை சென்டிமீட்டர் ஆழத்தில். முளைக்கும் வரை தாளால் மூடி வைக்கலாம். முளை தெரிந்த அன்றே எடுத்துவிட்டு வெயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று வெளிச்சம் தேடிக் கழுத்து நீண்டுவிடும். தக்காளி நாற்று 25 நாளிலும், கத்தரி 30 முதல் 35 நாளிலும், மிளகாய் 35 முதல் 40 நாளிலும் நடவுக்குத் தயாராகும். நாற்றின் அடித்தண்டு நூல்போல மெலிந்து சாய்ந்தால் அது நாற்றழுகல். தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று பொருள். லிட்டருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நோயை அடக்கும் நன்மை பாக்டீரியாத் தூள்) கலந்து ஊற்றி, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள்.

நடவை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். தக்காளியை மட்டும் முதல் இலை வரை ஆழமாகப் புதைக்கலாம், தண்டிலிருந்தே வேர் விடும். கத்தரியையும் மிளகாயையும் தட்டில் இருந்த ஆழத்திலேயே நடுங்கள். தக்காளியில் பெரியகுளம் 1 போன்ற குத்துச்செடி ரகமோ செர்ரி தக்காளியோ பால்கனிக்கு ஏற்றது. ஏப்ரல், மே மாதங்களில் தக்காளி பூக்கும், ஆனால் காய் பிடிக்காது. இரவிலும் வெப்பம் 24 டிகிரிக்குக் கீழே இறங்காதபோது மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். அதற்கு மருந்து கிடையாது, பட்டத்தை, அதாவது விதைக்கும் பருவத்தை, மாற்றுவதுதான் வழி.

வெண்டை, கொத்தவரை, பாகலை நேரடியாக விதைக்கலாம். வெண்டை, பாகல் விதையை ஒரு இரவு ஊற வையுங்கள். வெண்டையில் மஞ்சள் நரம்பு நோயைத் தாங்கும் அர்கா அனாமிகா ரகத்தைத் தேடி வாங்கலாம்.

கீரைக்கு விதை அதிகமாகத் தூவுவதே வழக்கமான தவறு. இரண்டடித் தட்டுக்கு இரண்டு சிட்டிகை விதை போதும். ஒரு கைப்பிடி காய்ந்த மணலில் கலந்து தூவி, மேலே மெல்லிசாக உரத்தூள் சலித்துப் பூவாளியால் நனையுங்கள். எறும்பு விதையைத் தூக்கிப் போகும். தட்டின் ஓரத்தில் கொஞ்சம் அரிசி மாவு தூவினால் அது மாவைத் தேடிப் போய்விடும். சிறுகீரையை 25 நாளில் வேரோடு பிடுங்கலாம். அரைக்கீரையை 30 நாளில் இரண்டு அங்குலம் விட்டு அறுத்தால் திரும்பத் திரும்பத் துளிர்க்கும். பத்து நாளுக்கு ஒரு தட்டு என்று மாற்றி மாற்றி விதைத்தால் வீட்டுக் கீரை நிற்காது. கொத்தமல்லியைத் தேய்த்து இரண்டாக உடைத்து, 12 மணி நேரம் ஊற வைத்துத் தூவுங்கள். முளைக்கப் பத்து நாளுக்கு மேலும் ஆகலாம், அவசரப்பட்டுக் கிளறக் கூடாது. புதினாவுக்கு விதையே வேண்டாம். கடைக் கட்டிலிருந்து தடித்த நாலு காம்பைத் தண்ணீரில் வைத்தால் ஒரு வாரத்தில் வேர் தெரியும்.

தண்ணீர்

பையில் வேருக்குப் போக்கிடம் இல்லை. வயல் மண் ஒரு வாரம் தாங்குவதை, பை ஒரே நாளில் இழந்துவிடும். உயர மாடிகளில் காற்றும் சேர்ந்து உறிஞ்சும். ஆனாலும் 'தினம் காலை ஒரு மக்' என்று கணக்கு வைக்காதீர்கள். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் உள்ளே விடுங்கள். ஈரமாக இருந்தால் வேண்டாம், காய்ந்திருந்தால் அடியில் சொட்டும் வரை ஊற்றுங்கள். மே மாதத்தில் நன்றாக வளர்ந்த தக்காளிச் செடி நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் குடிக்கும். ஐப்பசியில் அதே பைக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை போதும். மழைக்காலம் என்று நினைத்து நிறுத்திவிடக் கூடாது. மேல்தளம் மறைக்கும் பால்கனியில் வெளியே கொட்டினாலும் உள்ளே பை வறண்டு கிடக்கும்.

ஊற்றிய உடனே தண்ணீர் அடியில் கொட்டுகிறதா? மண் நிறைந்துவிட்டது என்று எண்ணி ஏமாற வேண்டாம். ஒருமுறை நன்றாகக் காய்ந்த நார்த்தூள் சுருங்கி, பையின் ஓரத்தில் விரல் நுழையும் இடைவெளி விட்டிருக்கும். தண்ணீர் அந்தச் சந்து வழியே இறங்குகிறது, நடுவில் வேர் இருக்கும் இடம் பொடியாகக் கிடக்கிறது. ஓரத்தை விரலால் அமுக்கி மூடி, நடுவில் குச்சியால் நாலைந்து இடத்தில் குத்தி, பத்து நிமிட இடைவெளியில் மூன்று தவணையாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். சின்னத் தொட்டியாக இருந்தால் வாளித் தண்ணீரில் இருபது நிமிடம் முக்கி வைக்கலாம். மேலே ஒரு அங்குலம் காய்ந்த சருகோ தேங்காய் நாரோ பரப்பிவிட்டால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். பல குடியிருப்புகளில் போர் தண்ணீரின் கடினத்தைப் போக்க சாஃப்ட்னர் வைத்திருக்கிறார்கள். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. துணிக்கு நல்லது, செடிக்கு விஷம். சாஃப்ட்னருக்கு முன்னால் உள்ள குழாயிலிருந்து பிடிக்க முடியுமா என்று பராமரிப்பவரிடம் கேளுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரில் உப்பு செறிந்திருக்கும், தோட்டத்துக்கு வேண்டாம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே இருக்காது. போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றலாம். பையின் மேல் வெள்ளைப் படலம் கட்டினால் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, நல்ல தண்ணீர் பத்து லிட்டரை மெதுவாக ஊற்றி உப்பை வடித்து இறக்குங்கள்.

உரம்

நட்ட மூன்று வாரத்திலிருந்து, பைக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரத்தை 15 நாளுக்கு ஒருமுறை ஓரமாகத் தூவிக் கிளறிவிடுங்கள். வாரம் ஒருமுறை பஞ்சகவ்யா லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளிக்கலாம். ரசாயன உரம் போடுபவர்கள் தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு இரண்டு கிராம் என்ற அளவில் பத்து நாளுக்கு ஒருமுறை, ஈரமான மண்ணில் மட்டும் ஊற்றலாம். காய்ந்த மண்ணில் ஊற்றினால் வேர் கருகும்.

கடலைப் புண்ணாக்குக் கரைசல் நல்ல உரம்தான், 100 கிராமை ஒரு லிட்டரில் மூன்று நாள் ஊற வைத்துப் பத்து மடங்கு தண்ணீர் சேர்ப்பார்கள். அதன் நாற்றம் பக்கத்து வீட்டுச் சாப்பாட்டு மேசை வரை போகும். மீன் அமிலமும் அப்படித்தான். பால்கனியில் இரண்டையும் தவிர்த்து, புண்ணாக்கைத் தூளாகவே மண்ணில் புதைப்பது அக்கம்பக்கத்தோடு உறவைக் காக்கும். முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுவதால் உடனடிப் பலன் ஒன்றும் இல்லை, கரைய மாதக்கணக்கு ஆகும்.

காய் பிடிக்க வைப்பது

எட்டாவது மாடிக்குத் தேனீ எப்போதும் வரும் என்று நம்ப முடியாது. தக்காளி, கத்தரி, மிளகாய்ப் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருப்பதால், காலை ஒன்பது மணிக்கு மேல் பூங்கொத்தின் காம்பை விரலால் இரண்டு சுண்டு சுண்டினால் போதும். பூவுக்குக் கீழே கறுப்புத் தாளைப் பிடித்தால் மஞ்சள் தூள் உதிர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

பாகலுக்கு ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. முதலில் ஆண்பூக்கள் மட்டும் வந்து உதிரும், அது நோயில்லை. பிறகு இதழுக்குக் கீழே குட்டிப் பாகற்காய் மாதிரி வீங்கிய காம்போடு பெண்பூ வரும். காலை ஆறு முதல் ஒன்பதுக்குள் ஆண்பூவைப் பறித்து, இதழைப் பின்னால் மடித்து, பெண்பூவின் நடுவில் தடவுங்கள். பீர்க்கு, சுரை, புடலை வைத்திருப்பவர்கள் இதை மாலையில் செய்ய வேண்டும், அவை மாலையில்தான் மலரும்.

பூச்செடிகள்

மல்லிகை புதுத்துளிரில்தான் மொட்டு வைக்கும். கவாத்து செய்ய, அதாவது கிளையை வெட்டிவிட, பயந்தால் இலைதான் மிஞ்சும். நவம்பர் கடைசி வாரத்தில் மண்ணிலிருந்து ஒன்றரை அடி விட்டு எல்லாக் கிளையையும் வெட்டி, காய்ந்ததையும் மெலிந்ததையும் நீக்கி, தண்ணீரைக் குறையுங்கள். தையில் துளிர் வந்ததும் மண்புழு உரமும் தண்ணீரும் கூட்டினால் மார்ச்சில் மொட்டு தெரியும். ஒவ்வொரு முறை பூத்து ஓய்ந்ததும் நுனியில் இரண்டு கணுவை வெட்டிவிடுங்கள்.

சாமந்தி செழிப்பாக வளர்ந்தும் மொட்டே வைக்கவில்லை என்றால் பால்கனி விளக்கைப் பாருங்கள். நீண்ட இருட்டு தொடர்ந்து பல நாள் கிடைத்தால்தான் அது பூக்கும். இரவு பத்து மணி வரை எரியும் ஒரு விளக்கோ, எதிரே நிற்கும் தெருவிளக்கோ போதும், செடி இன்னும் கோடைக்காலம் என்றே நினைத்துக்கொண்டிருக்கும். அக்டோபர் முதல் மாலை ஆறரைக்குமேல் வெளிச்சம் படாத மூலைக்கு மாற்றுங்கள், அல்லது காலை வரை கறுப்புத் துணியால் மூடுங்கள். நாட்டு அவரைக்கும் இதே குணம் உண்டு. ஆடியில் விதைத்த அவரை பகல் சுருங்கும் வரை பூக்காததும் இதனால்தான்.

வெயில் குறைந்த வீட்டில் பூ வேண்டும் என்பவர்களுக்குக் கனகாம்பரம். 'டெல்லி கனகாம்பரம்' விதை வைக்காது, குச்சி நட்டே வளர்க்க வேண்டும். கம்பியில் படர்த்த சங்குப்பூ, நல்ல வெயிலில் மட்டும் விரியும் டேபிள் ரோஸ் இரண்டும் கவனிப்பே கேட்காதவை.

பூச்சியும் நோயும்

பால்கனியின் முதல் எதிரி மாவுப்பூச்சி. மழை வந்து கழுவிவிடாத இடம் என்பதால் இங்கே நிம்மதியாகப் பெருகும். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் பஞ்சு மாதிரி தெரியும்போதே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். கூடவே எறும்பு வரிசை இருக்கும். எறும்புதான் அதன் இனிப்புக் கழிவுக்காக அதைக் காவல் காக்கிறது. ஸ்டாண்டின் கால்களில் வாசலின் தடவி எறும்பை நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது.

பரவிவிட்டால் வேப்பெண்ணெய். ஐந்து மில்லி எண்ணெயில் முதலில் இரண்டு மில்லி சோப்புக் கரைசலைக் கலந்து, வெதுவெதுப்பான தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினால் பால்போல வெளுக்கும். அதன் பிறகே ஒரு லிட்டராக்குங்கள். நேரடியாகத் தண்ணீரில் ஊற்றினால் எண்ணெய் மிதந்து, தெளித்த இடமெல்லாம் இலை பொசுங்கும். மாலையில், இலைக்கு அடியில், ஏழு நாள் இடைவெளியில் மூன்று முறை தெளியுங்கள். முதல் தெளிப்பில் முட்டை சாகாது, அதற்குத்தான் மூன்று முறை.

மிளகாய் இலை சுருண்டால் எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பாருங்கள். ஓரம் மேல்நோக்கிப் படகுபோல மடிந்தால் இலைப்பேன். மேலே சொன்ன வேப்பெண்ணெய் கேட்கும். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டிருந்தால் சிலந்திப் பேன் வகை. அதற்கு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்) லிட்டருக்கு மூன்று கிராம். வேப்பெண்ணெய் தெளித்து இரண்டு வாரத்துக்குள்ளும், கடும் வெயில் நாளிலும் கந்தகம் தெளித்தால் இலை கருகும்.

கத்தரியில் நுனித்துளிர் மட்டும் வாடித் தலை தொங்கினால் உள்ளே புழு. ஓட்டைக்கு ஒரு அங்குலம் கீழே வெட்டி, வெட்டியதை நசுக்கிக் கவரில் கட்டிப் போடுங்கள். வெண்டை இலையில் நரம்பு மஞ்சளானால் அந்தச் செடியை அன்றே பிடுங்க வேண்டும். வெள்ளை ஈ அதை அடுத்த செடிக்குக் கொண்டுபோகும். தக்காளியின் அடிப்பாகம் கறுத்துக் குழிந்தால் அது பூச்சியில்லை. ஒரு நாள் வறட்சி, ஒரு நாள் வெள்ளம் என்று தண்ணீர் மாறுவதால் கால்சியம் காய்க்குப் போய்ச் சேரவில்லை. தண்ணீரைச் சீராக்குங்கள்.

அடுக்குமாடிக்கே உரிய சில விஷயங்கள்

ஒவ்வொரு பைக்கு அடியிலும் தட்டு வையுங்கள், கீழ்வீட்டுத் துணியில் செம்மண் சொட்டினால் தோட்டத்துக்கே தடை வரும். அந்தத் தட்டில் தண்ணீரைத் தேங்க விடவும் கூடாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். ஐந்து நாளுக்கு ஒருமுறை தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். வெறுமனே கொட்டினால் ஓரத்தில் ஒட்டிய முட்டை அப்படியே இருக்கும்.

புறா, புதிதாக நட்ட பையைக் கூடு கட்ட வந்த இடம் என்று எடுத்துக்கொள்ளும். நடவு முடிந்ததும் பத்துப் பன்னிரண்டு ஈர்க்குச்சிகளைப் பையில் செங்குத்தாகக் குத்தி வைத்தால் உட்கார இடமிருக்காது. புறாவலை கட்டினாலும் கண்ணி பெரியது, தேனீ நுழைந்துவிடும்.

அக்டோபர் பிறந்ததும் கொடிகளைக் கம்பியோடு எட்டு வடிவில் துணிநாடாவால் கட்டுங்கள், நைலான் கயிறு தண்டை அறுக்கும். புயல் எச்சரிக்கை வந்தால் ஸ்டாண்டில் இருப்பதையெல்லாம் தரையில் இறக்கிச் சுவரோரம் நெருக்கி வைக்க வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் மரங்களையே சாய்த்தது. உயர மாடியிலிருந்து பறக்கும் தொட்டி யார் மேலும் விழலாம்.

பழைய மண்ணை என்ன செய்வது

ஐந்தாறு மாதத்தில் செடி ஓய்ந்ததும் மண்ணைக் குப்பையில் கொட்ட வேண்டாம். கத்தரியாக இருந்தால் பிடுங்காமல் ஓரடி விட்டு வெட்டி உரமிட்டால் இன்னொரு முறை காய்க்கும். மற்றவற்றைப் பிடுங்கி, மண்ணைத் தார்ப்பாயில் கொட்டி, வேரைச் சலித்து எடுங்கள். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. அந்த மண்ணைக் காய்கறிக்கு மறுபடி பயன்படுத்தாதீர்கள். நல்ல மண்ணை நாலு நாள் வெயிலில் பரப்பிக் காய வைத்து, நாலில் ஒரு பங்கு புது மண்புழு உரம், பைக்கு 100 கிராம் வேப்பம்புண்ணாக்கு, 10 கிராம் டிரைக்கோடெர்மா கலந்து, ஈரத்தோடு பத்து நாள் ஆற விடுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம், நோயும் ஒன்றுதான். அதனால் தக்காளி இருந்த பையில் அடுத்து கொத்தவரையோ வெந்தயக்கீரையோ விதைத்து, அது முடிந்த பிறகு மறுபடி தக்காளிக்கு வாருங்கள்.